நாணயத்துக்கு ஒரு மதிப்பெண் – ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கடன் கேட்கும் முன்

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று காசு. இன்னொன்று, வாங்கிய காசைச் சொன்ன நாளில் திருப்பித் தரும் குணம். எங்கள் ஊர் மளிகைக் கடையில் பற்று நோட்டு ஒன்று இருந்தது. மாதம் முழுவதும் எழுதி வாங்கிவிட்டு, சம்பளம் வந்ததும் அப்பா முதல் வேலையாகப் போய்க் கணக்கைத் தீர்ப்பார். கடைக்காரர் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவார். “வாத்தியார் நாணயமானவர்” என்பார். அந்தச் சொல்லுக்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் சான்றிதழ் தேவைப்பட்டதில்லை.

அந்த வீட்டில் பிறந்த எனக்கு, 2021 மார்ச்சில் சிட்னியில் ஒரு வங்கி வீட்டுக்கடன் தர மறுத்துவிட்டது. ஆறு வருட மென்பொருள் வேலை, கையில் சேமிப்பு, கட்டத் தவறிய கடன் ஒன்றுகூட இல்லை என்ற நம்பிக்கை, எல்லாம் இருந்தன. வந்த கடிதத்தில் காரணம் ஒரே வரியில் இருந்தது: உங்கள் கிரெடிட் ரிப்போர்ட். தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நம்ம குடும்பத்துல யாரும் பாக்கி வெச்சதில்லையேடா” என்றார். வங்கி மறுத்ததைவிட அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

இந்தக் கட்டுரை அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டவை. ஆஸ்திரேலியாவில் வீடு வாங்க நினைக்கும் யாருக்கேனும் ஒரு வருடம் முன்னதாகவே இது கண்ணில் பட்டால் எழுதிய பயன் கிட்டிவிடும்.

யார் எழுதும் நோட்டு?

மளிகைக் கடை நோட்டைக் கடைக்காரர் எழுதினார். இங்கே அந்த நோட்டை எழுதுபவர்கள் தனியார் நிறுவனங்கள். நெடுங்காலமாகப் பெரிய நிறுவனமாக இருந்த வேதாவை 2016ல் அமெரிக்காவின் எக்விஃபாக்ஸ் வாங்கியது. அதன் மதிப்பெண் 0 முதல் 1200 வரை. இன்னொன்று எக்ஸ்பீரியன், அதன் மதிப்பெண் 0 முதல் 1000 வரை. மூன்றாவதாக இருந்த இல்லியனை 2024ல் எக்ஸ்பீரியனே வாங்கிவிட்டது. ஒருவரிடம் 700 என்றால் நன்று, இன்னொருவரிடம் 700 என்றால் மிக நன்று. ஆகவே எண்ணை மட்டும் சொல்லி ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

2014 மார்ச் வரை ஆஸ்திரேலியாவில் இந்த நோட்டில் பெரும்பாலும் கெட்டது மட்டுமே எழுதப்பட்டது. கடன் கேட்ட விவரம், கட்டாத பாக்கி, நீதிமன்றத் தீர்ப்பு, திவால் இவைதான். ஒழுங்காகக் கட்டியதற்குப் பதிவே கிடையாது. அந்த மாதம் 12ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், மாதாமாதம் கட்டினாரா இல்லையா என்பதையும் பதிய வழி செய்தது. வங்கிகள் உடனே ஆர்வம் காட்டவில்லை. 2021 ஜூலை முதல் நான்கு பெரிய வங்கிகளுக்கு இது கட்டாயமாயிற்று.

எது எவ்வளவு காலம் நிற்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதத் தவணைப் பதிவு 2 வருடம் நிற்கும். தவணை நாள் கடந்து 14 நாட்களுக்குள் கட்டிவிட்டால் தாமதமாகப் பதிவாகாது. கடன் கேட்ட விசாரணை 5 வருடம். ‘டீஃபால்ட்’ என்னும் கட்டாத பாக்கிப் பதிவும் 5 வருடம். கடன்காரருக்குத் தெரியாமல் ஊரைவிட்டே போய்விட்டார் என்பது போன்ற கடுமையான பதிவு 7 வருடம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மின்சார நிறுவனமும் தொலைபேசி நிறுவனமும் மாதத் தவணைப் பதிவில் சேர்வதில்லை. பத்து வருடம் மின்கட்டணத்தை நாள் தவறாமல் கட்டினாலும் அறிக்கையில் ஒரு நல்ல வார்த்தை ஏறாது. ஆனால் 150 டாலரோ அதற்கு மேலோ பாக்கி வைத்து 60 நாள் கடந்தால், உரிய அறிவிப்புகளை அனுப்பிய பின் டீஃபால்ட் பதியலாம். நல்ல பிள்ளையாக இருந்ததற்குப் பரிசு இல்லை. ஒரு நாள் தவறினால் அடி மட்டும் உண்டு.

என் கோப்பில் இருந்தது

மறுப்பு வந்ததும் நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனமானது. ஒரு வங்கி இல்லையென்றால் இன்னொன்று என்று மூன்று வாரத்தில் மேலும் மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன். ஒவ்வொன்றும் ஒரு விசாரணையாகப் பதிவாயிற்று. அடுத்தடுத்து நான்கு விசாரணைகளைப் பார்க்கும் கணினிக்கு, ‘இவன் பணத்துக்குப் பறக்கிறான்’ என்றுதான் தோன்றும். மதிப்பெண் மேலும் இறங்கியது.

என்னை நிறுத்தியவர் ஹோம்புஷில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். கணக்காளர். “தம்பி, நீர் முதல்ல அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாரும். என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியாமல் ஏன் வங்கி வங்கியா அலையிறீர்?” என்றார். அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை. நான்கு வங்கிகள் படித்த கோப்பை நான் படித்திருக்கவில்லை!

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனமும் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். கடன் மறுக்கப்பட்டால் அடுத்த 90 நாட்களுக்குள்ளும் இலவசமாகக் கேட்கலாம். அறிக்கையைப் பார்த்து மறுத்த வங்கி, எந்த நிறுவனத்தின் அறிக்கை அது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. பணம் கட்டச் சொல்லும் பக்கங்களைக் கடந்து இலவசப் பக்கத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அரசின் மனிஸ்மார்ட் தளத்தில் வழி இருக்கிறது.

என் அறிக்கையில் இரண்டு கறைகள் இருந்தன.

முதலாவது, 217 டாலர் டீஃபால்ட். வெஸ்ட்மீடில் நான்கு பேர் பகிர்ந்த வீட்டில் இணைய இணைப்பு என் பெயரில் இருந்தது. 2018ல் வீட்டைக் காலி செய்தபோது கடைசிக் கட்டணத்தை ‘அவன் கட்டுவான்’ என்று நானும், ‘இவன் கட்டுவான்’ என்று மற்றவர்களும் விட்டுவிட்டோம். கடிதங்கள் பழைய விலாசத்துக்குப் போயின. புதிய விலாசத்தை நான் சொல்லவில்லை. தவறு என்னுடையதுதான்.

இரண்டாவது, மெல்பர்னில் யாரோ ஒருவர் கேட்ட கார்க்கடன் விசாரணை. அவருக்கு என் பெயர், என் அப்பாவின் பெயர். ஆனால் இடம் மாறி இருந்தன. இது தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் ஒரு பெட்டியில், நம் பெயர் இன்னொரு பெட்டியில். ஓரிடத்தில் இனிஷியல், ஓரிடத்தில் முழுப்பெயர், ஓரிடத்தில் ஒரே பெயர் இரண்டு முறை. இவற்றைப் பொருத்திப் பார்க்கும் மென்பொருள் சில சமயம் இரண்டு பேரை ஒருவராக்கும். சில சமயம் ஒருவரை இரண்டு கோப்பாக உடைக்கும். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. என் கோப்பிலேயே நடந்ததில்தான் ஆச்சரியம்.

திருத்தக்கூடியதும் கூடாததும்

கடன்பட்டவன் மனக்கலக்கத்தைச் சொல்லும் அந்தப் பிரபலமான உவமையைக் கம்பர் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். மேடைதோறும் சொல்கிறோம். கம்பராமாயணத்தில் அது இல்லை. அருணாசலக் கவிராயரின் இராமநாடகத்தில் உள்ளது. பலமுறை சொன்னவர்கள் எத்தனையோ பேர், மூலத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் சிலர். கிரெடிட் ரிப்போர்ட்டும் அப்படித்தான். தவறான பதிவு தானாக உதிர்வதில்லை. சம்பந்தப்பட்டவர் புரட்டிப் பார்த்துச் சொன்னால்தான் மாறும்.

திருத்தம் கேட்கக் கட்டணம் இல்லை. பதிந்த கடன் நிறுவனத்திடமும் கேட்கலாம், கோப்பை வைத்திருக்கும் நிறுவனத்திடமும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால், 2018 நவம்பரில் தொடங்கிய ஆஸ்திரேலிய நிதிப் புகார் ஆணையமான ‘ஆஃப்கா’விடம் செல்லலாம். அதுவும் இலவசம். மெல்பர்ன் கார்க்கடன் விவகாரத்தில் பிறந்த தேதியும் விலாசமும் பொருந்தாததைக் காட்டி எழுதினேன். மூன்று வாரத்தில் அந்தப் பதிவு நீங்கியது.

217 டாலரை அன்றே கட்டினேன். அது நீங்கவில்லை. ‘கட்டப்பட்டது’ என்ற குறிப்பு மட்டும் சேர்ந்தது. உண்மையான டீஃபால்ட், பணம் கட்டினாலும் 5 வருடம் இருக்கும். சட்டப்படியான அறிவிப்பு அனுப்பாமல் பதிந்திருந்தாலோ, தொகை தவறாக இருந்தாலோ, அப்போதுதான் நீக்கக் கேட்க இடமுண்டு.

‘உங்கள் கோப்பைச் சுத்தம் செய்கிறோம்’ என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் நிறுவனங்கள் இங்கே நிறைய. 2021 ஜூலை முதல் அவர்களுக்கு உரிமம் கட்டாயம். உரிமம் உள்ளவர்களும்கூட உண்மையான பதிவை அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த நாமே எழுதும் கடிதம் போதும். தனியாகச் செய்யத் தயங்குபவர்கள் தேசியக் கடன் உதவி எண் 1800 007 007ஐ அழைக்கலாம். அங்கே பேசும் ஆலோசகர்கள் கட்டணம் வாங்குவதில்லை.

அண்ணன் ஊர் அறிவுரை

அமெரிக்காவில் இருக்கும் என் பெரியப்பா மகன் அக்கறையோடு இரண்டு அறிவுரைகள் சொன்னான். கிரெடிட் கார்டில் வரம்பில் முப்பது சதவீதத்துக்கு மேல் செலவழிக்காதே என்றான். வீட்டுக்கடனுக்கு ஒரே சமயத்தில் பல இடங்களில் கேள், ஒன்றாகத்தான் எண்ணுவார்கள் என்றான். இரண்டும் அவன் ஊரில் சரி. இங்கே இரண்டும் பொருந்தாது.

ஆஸ்திரேலிய அறிக்கையில் கார்டின் வரம்பு இருக்கும். அதில் எவ்வளவு செலவழித்தோம் என்பது இருக்காது. அமெரிக்க மதிப்பெண் முறை, குறிப்பிட்ட நாட்களுக்குள் செய்யும் வீட்டுக்கடன் விசாரணைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனி வரியாக விழும்.

அதேபோல் ஊரில் சேர்த்த நல்ல பெயரும் விமானம் ஏறி வராது. இந்தியாவின் சிபிலில் 800 வைத்திருந்தவரும், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான இலங்கையின் கிரிப்பில் களங்கமில்லாதவரும், சிட்னியில் இறங்கும்போது வெற்றுத் தாள்தான். வந்த புதிதில் சிறிய வரம்புள்ள ஒரு கார்டு வாங்கி, முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி செய்துவிடுவது நல்ல தொடக்கம்.

காலம் செய்யும் வேலை

தவணைப் பதிவை 24 கட்டங்கள் உள்ள வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு புதிய கட்டம் வலப்பக்கம் சேர, பழைய கட்டம் ஒன்று இடப்பக்கம் விழுகிறது. இன்று முதல் தவறாமல் கட்டினால் இரண்டு வருடத்தில் வரிசை முழுவதும் சுத்தம். பழைய விசாரணைகள் 5 வருடம் பட்டியலில் இருந்தாலும், நாளாக ஆக அவற்றின் கனம் குறைகிறது. ஆகவே மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு மந்திரம் எதுவும் இல்லை. பிழையைத் திருத்து, பாக்கியைத் தீர், புதிதாகக் கேட்காதே, காத்திரு. அவ்வளவுதான். காத்திருக்க நேரம் வேண்டும் என்பதால்தான் முன்னதாகத் தொடங்கச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. கிளேட்டனில் இருக்கும் நண்பன் ஒருவன் 2023ல் வேலை இழந்தான். கார்த்தவணை மூன்று மாதம் விட்டுப்போயிற்று. வங்கியை அழைத்துப் பேசு என்றால், “எப்படிப்பா கேட்கிறது, கேவலமா இருக்கு” என்றான். கௌரவம் பார்த்தான். மூன்று தவறிய தவணைகளும் பதிவாயின. நிதி நெருக்கடி என்று கடன் நிறுவனத்திடம் சொல்லித் தவணையைக் குறைக்கக் கேட்பது இங்கே சட்டம் தந்த உரிமை. 2022 ஜூலை முதல் அந்த ஏற்பாடு அறிக்கையில் குறிக்கப்படுகிறது. ஆனால் 12 மாதத்தில் நீங்கிவிடும். அதை மதிப்பெண் கணக்கில் சேர்க்கவும் கூடாது. ஏற்பாட்டின்படி கட்டி வந்தால் தவணைப் பதிவும் சரியாகவே இருக்கும். கேட்கத் தயங்கியவனுக்கு இழப்பு, கேட்டவனுக்குப் பாதுகாப்பு. நம்மவர்கள் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் மட்டும் போதுமா?

போதாது. ‘திருப்பித் தருவாரா’ என்பதற்கு மதிப்பெண் பதில் சொல்கிறது. ‘தர முடியுமா’ என்பதை வங்கி தனியாகக் கணக்கிடும். இங்கேதான் கார்டு வரம்பு கடிக்கும்.

உங்களிடம் 15,000 டாலர் வரம்புள்ள கார்டு இருக்கிறது. ஒரு காசுகூடச் செலவழிக்கவில்லை. ஆனாலும் பல வங்கிகள் வரம்பில் 3.8 சதவீதத்தை, அதாவது 570 டாலரை, மாதச் செலவாக எழுதிக்கொள்ளும். வங்கி ஒழுங்குமுறை அமைப்பான ஆப்ரா 2021 அக்டோபரில் விதித்தபடி, கடனுக்கான வட்டியோடு 3 சதவீதம் கூட்டித்தான் தாக்குப்பிடிக்கும் திறனைப் பார்க்கிறார்கள். வட்டி 6 என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடுவது 9ல். முப்பது வருடக் கடனில் ஒரு லட்சம் டாலருக்கு மாதம் ஏறக்குறைய 805 டாலர் வரும். அந்தக் கணக்கில் 570 டாலர் என்பது 70,000 டாலர் கடனுக்குச் சமம். பணப்பையில் சும்மா கிடக்கும் கார்டு வாங்கும் சக்தியில் அவ்வளவை விழுங்குகிறது. தேவையில்லாத கார்டுகளை மூடுங்கள். பழைய ஒன்றை வரம்பு குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ சேவைகளும் 2025 ஜூன் 10 முதல் கடன் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஒரு சட்டை வாங்குவதற்குக்கூட விசாரணைப் பதிவு விழக்கூடும். ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் பணமும், நண்பர்களோடு போடும் சீட்டும் கடன் அறிக்கையில் வராது. ஆனால் வங்கிக் கணக்கு விவரத்தில் தெரியும், கேட்பார்கள். மறைக்க வேண்டாம். உறவினரின் கார்க்கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அது உங்கள் அறிக்கையிலும் இருக்கும். அவர் தவறினால் நீங்களும் தவறியவர்தான்.

முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 5 சதவீத முன்பணத்தில் வாங்க அரசு உத்தரவாதம் தருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் அதற்கு வருமான உச்சவரம்பும் இல்லை. ஆனால் கடன் தருவது வங்கிதான். கோப்பைப் படிக்கத்தான் செய்யும்.

ஒரு வருட நாட்காட்டி

பன்னிரண்டு மாதம் முன்பு: எல்லா நிறுவனங்களிடமும் அறிக்கை கேளுங்கள். பெயர், பிறந்த தேதி, பழைய விலாசங்களைச் சரிபாருங்கள். பெயரின் எல்லா வடிவங்களையும் சொல்லி, கோப்பு உடைந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பதினொன்று முதல் ஒன்பது வரை: பிழைகளுக்குத் திருத்தம் கேளுங்கள். சின்னப் பாக்கி எதுவானாலும் கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடனையும் தானாகக் கழியும்படி மாற்றுங்கள்.

ஆறு மாதம் முன்பு: கார்டுகளைக் குறையுங்கள். புதிய கார்டு, கார்க்கடன், தவணைச் சோபா எதுவும் வேண்டாம். வீடு மாறினால் பழைய நிறுவனங்களுக்கெல்லாம் சொல்லுங்கள். தபாலைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிடும் ஆஸ்திரேலியா போஸ்ட் வசதியைப் பயன்படுத்துங்கள்.

மூன்று மாதம் முன்பு: அறிக்கையை மறுபடி எடுங்கள். திருத்தம் ஏறியிருக்கிறதா பாருங்கள். பிறகு நல்ல மார்ட்கேஜ் புரோக்கர் ஒருவரிடம் அறிக்கையை முன்கூட்டியே காட்டி, பொருத்தமான ஓரிடத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

நான் செய்ததும் இதுதான். 2022 நவம்பரில், இருபது சதவீத முன்பணத்தோடு, 217 டாலர் கதையை ஒளிக்காமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, ஓரிடத்தில் விண்ணப்பித்தோம். கிடைத்தது. ஆனால் 2021ல் இரண்டு சதவீதச் சொச்சத்தில் கிடைத்த வட்டி, அப்போது ஐந்தைத் தாண்டியிருந்தது. அந்தச் சின்னப் பாக்கி எனக்கு உண்மையில் எவ்வளவு செலவு வைத்தது என்று ஒருமுறை கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

சென்ற கோடையில் அப்பா வந்திருந்தார். பெண்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “அந்த நோட்டுல இப்ப நம்ம பேரு சரியா இருக்கா?” என்று கேட்டார். 2023 இறுதியில் அந்த வரி காலாவதியாகி நீங்கிவிட்டதைச் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. “மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கலாம்னியே, பாத்தியா?” என்றார். உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தேன்.